ஈறு நோய்க்கு டீப் க்ளீனிங் பண்ணிக்கிட்டேன், மில்லிமீட்டர் கணக்கோட ஒரு ரிவ்யூ

டீப் க்ளீனிங், அதாவது ஈறுக்கு கீழ வேர் வரைக்கும் சுத்தம் பண்றது, அத பத்தி ரிவ்யூ தேடினா "வலிக்கவே இல்ல, பல்லு பளபளன்னு ஆயிடுச்சு, டாக்டர் ரொம்ப நல்லா பேசினாங்க, அஞ்சு ஸ்டார்"னு தான் நெறைய வருது. நல்லா பேசுறது நல்ல விஷயம் தான், ஆனா ஈறு நோய்க்கு வைத்தியம் பாத்துக்கிட்டவங்க கிட்டேர்ந்து எனக்கு தெரிய வேண்டியது வேற. பாக்கெட், அதாவது ஈறுக்கும் பல்லுக்கும் நடுவுல விழுற பள்ளம், எத்தனை மில்லிமீட்டர் இருந்துச்சு, இப்ப எவ்ளோ இருக்கு, தொட்டா ரத்தம் வர்ற இடம் குறைஞ்சுதா, இத யாருமே எழுத மாட்டேங்குறாங்க. அதனால நான் எழுதுறேன். க்ளினிக்ல நடந்தது, வீட்ல யூஸ் பண்ற இடுக்கு ப்ரஷ், மவுத்வாஷ், தண்ணிய பீச்சி இடுக்க கழுவுற வாட்டர் ஃப்ளாசர் எல்லாத்தையும் சேத்தே சொல்றேன், ஏன்னா இந்த வைத்தியத்துல க்ளினிக் பாதி வீடு பாதி, ஒண்ண விட்டுட்டு இன்னொன்னுக்கு மார்க் போட முடியாது.

நோய் என்னன்னு கொஞ்சம் புரிஞ்சா தான் வைத்தியம் சரியா நடந்துச்சான்னு சொல்ல முடியும். பல்லும் ஈறும் சேர்ற எடத்துல பல்ல சுத்தி ஒரு சின்ன பள்ளம் எல்லாருக்குமே இருக்கு, ஆழம் 1லேர்ந்து 3 மில்லிமீட்டர், அது நார்மல். நாக்கால தடவினா வழவழன்னு ஒரு படலம் தட்டுப்படும்ல, பிளாக்னு சொல்வாங்க, அது முழுக்க கிருமிங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு கூட்டமா இருக்குறது. ஈறு ஓரத்துல அது தங்கிடுச்சுன்னா உடம்பு அத எதுத்து சண்டைக்கு நிக்கும், ஈறு செவந்து உப்பும், ப்ரஷ் பட்டா ரத்தம் வரும். இதுக்கு பேரு ஜிஞ்சிவைட்டிஸ், இந்த கட்டத்துலயே சுத்தமா வெச்சுக்க ஆரம்பிச்சா முழுசா பழைய நிலைமைக்கு வந்துடும். 1965ல ஹரால்ட் லோ அப்படிங்குற ஆராய்ச்சியாளரும் அவரோட டீமும் டென்மார்க்ல ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, ஆரோக்கியமான ஈறு இருக்குற 12 பேர பல்லு வெளக்கவே வேணாம்னு நிறுத்த சொன்னாங்க, 10லேர்ந்து 21 நாளுக்குள்ள அத்தனை பேருக்கும் ஈறு வீங்கிடுச்சு, திரும்ப வெளக்க ஆரம்பிச்சதும் ஒரு வாரம் போல ஆகி எல்லாருக்கும் சரியாயிடுச்சு. ஈறு வீக்கத்துக்கு காரணம் அந்த படலம் தான்னு சந்தேகமில்லாம காட்டின ஆராய்ச்சி அது.

இத கவனிக்காம விட்டா சில பேருக்கு அடுத்த கட்டம் வரும், பெரியோடான்டைட்டிஸ். இதுல ஈறோட நிக்காம, பல்ல எலும்போட கட்டிப்போட்டு வெச்சிருக்குற நாரும், அந்த எலும்புமே கரைய ஆரம்பிக்குது, நட்டு வெச்ச கம்பத்த சுத்தி மண்ணு அரிச்சு போற மாதிரி. பள்ளம் 4, 5, 6ன்னு ஆழமாகிட்டே போகும், அத தான் பாக்கெட்னு சொல்றாங்க. அவ்ளோ உள்ள ப்ரஷ் நாரு எட்டாது, மவுத்வாஷும் போகாது, காத்து இல்லாத எடத்துல வளர்ற போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் மாதிரி கிருமிங்களுக்கு அது ரொம்ப வசதியா போயிடுது. எலும்ப கரைக்குறது பெரும்பாலும் கிருமி நேரடியா இல்லங்க, அத எதுக்குறேன்னு நம்ம உடம்பு விடாம நடத்துற சண்டை தான் எலும்ப கரைக்குது. போன எலும்பு பெரும்பாலும் தானா திரும்பி வராது, மேற்கொண்டு போகாம நிறுத்தலாம், இது தான் வைத்தியத்தோட நோக்கமே.

இதுல என்ன கொடுமைன்னா வலிக்காது. சொத்தைப்பல்லுன்னா ராத்திரி தூங்க விடாது, ஓடிடுவோம் டாக்டர்ட்ட, ஈறு நோய் பல்லு ஆட ஆரம்பிக்குற வரைக்கும் சத்தமே போடாது. உலக சுகாதார நிறுவனம் 2022ல போட்ட அறிக்கைல தீவிரமான ஈறு நோய் உலகம் முழுக்க 100 கோடி பேருக்கு மேல இருக்குன்னு சொல்லிருக்காங்க, பெரியவங்கள்ல அஞ்சுல ஒருத்தர்னு வெச்சுக்கலாம். ஆனா எல்லாருக்கும் ஒரே வேகத்துல போறதில்ல. இதே லோ இலங்கைல தேயிலை தோட்டத்துல வேலை பாத்த 480 ஆண்கள 1970லேர்ந்து 15 வருஷம் தொடர்ந்து பாத்தாரு, பல் வைத்தியம்னு எதுவும் கிடைக்காத ஜனங்க, எல்லார் பல்லுலயும் படலமும், அது கல்லு மாதிரி கெட்டியாகிப்போன காரையும் நெறைய. 1986ல வந்த முடிவுல 8 சதவீதம் பேருக்கு நோய் வேகமா போயி சின்ன வயசுலயே பல்லுங்க விழுந்துருக்கு, 81 சதவீதம் பேருக்கு நிதானமா போயிருக்கு, 11 சதவீதம் பேருக்கு ஈறு வீக்கத்த தாண்டி போகவே இல்ல. அதனால "எங்க வீட்ல ஒருத்தர் ஒழுங்கா பல்லே வெளக்க மாட்டாரு, அவருக்கு ஒண்ணும் ஆகலியே"ன்னு யாராச்சும் சொன்னா அது உண்மையாவே இருக்கலாம், ஆனா அவரு அந்த 11ல இருக்காருங்குறதால நாமளும் அதுலயே தான் இருக்கோம்னு ஆயிடாது.

சரி ரிவ்யூக்கு வரேன். எனக்கு ஈறுல ரத்தம் வருதுன்னு மொதல்ல போன எடத்துல சாதாரண ஸ்கேலிங் பண்ணாங்க, மேல தெரியுற காரைய எடுத்து பாலிஷ் போட்டு "சூப்பரா இருக்கு, ஆறு மாசம் கழிச்சு வாங்க"ன்னு அனுப்பிட்டாங்க. பல்லு பாக்க வெள்ளையா இருந்துச்சு, வாய் ஃப்ரெஷ்ஷா இருந்துச்சு, ரத்தமும் கொஞ்ச நாள் நின்னுச்சு, அப்புறம் திரும்ப வர ஆரம்பிச்சுது. அங்க ஒரு தடவ கூட பாக்கெட் அளக்கல. அளக்காம எப்படிங்க தெரியும் உள்ள எவ்ளோ போயிருக்குன்னு? ஈறுக்கு மேல க்ளீன் பண்ணிட்டு கீழ இருக்குறத அப்படியே விட்டா மேல ஈறு கொஞ்சம் இறுகி பாக்க நல்லா இருக்கும், உள்ள நோய் அது பாட்டுக்கு வேலை பாத்துட்டு இருக்கும். இந்த ரிவ்யூல நான் ஒரே ஒரு விஷயம் அழுத்தி சொல்லணும்னா இது தான், ஈறு பிரச்சனைன்னு போற எடத்துல ப்ரோப்ங்குற அளவு கம்பிய எடுத்து அளக்கலன்னா அங்க உங்களுக்கு ஈறு வைத்தியம் நடக்கல, பல்ல சுத்தம் பண்ணி விட்டுருக்காங்க, அவ்ளோ தான்.

அடுத்து போனது ஈறு ஸ்பெஷலிஸ்ட், பெரியோடான்டிஸ்ட்டுன்னு சொல்வாங்க. அங்க மொத வேலையே அளக்குறது தான். ப்ரோப்ங்குறது மெல்லிசா, முனை மழுங்கலா, மில்லிமீட்டர் கோடு போட்ட ஒரு கம்பி, அத ஈறுக்கும் பல்லுக்கும் நடுவுல ரொம்ப லேசா விட்டு எங்க தடுக்குதுன்னு பாக்குறாங்க, 20, 25 கிராம் அழுத்தம் தான் குடுக்கணுமாம். ஒவ்வொரு பல்லுக்கும் ஆறு எடம், வெளிப்பக்கம் மூணு உள்பக்கம் மூணு, 28 பல்லுன்னா 168 அளவு. டாக்டர் சொல்ல சொல்ல அசிஸ்டென்ட் எழுதிட்டே வந்தாங்க, "மூணு ரெண்டு மூணு, மூணு ரெண்டு நாலு, அஞ்சு நாலு ஆறு, ப்ளீடிங்". முன்பல்லு பூரா மூணும் ரெண்டுமா போயிட்டு இருந்துச்சு, கடைவாய்க்கு வந்ததும் நம்பர் ஏற ஆரம்பிச்சுது, வாய தொறந்துட்டு பேச முடியாம படுத்துருக்கப்ப அந்த நம்பர கேக்குறதே ஒரு மாதிரி திக்குன்னு இருக்கும்.

முடிஞ்சதும் கேட்டேன், "டாக்டர், ஆறுன்னா ரொம்ப மோசமா?" "ஆறு மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஈறு பல்ல விட்டு விலகியிருக்குங்க, அங்க நீங்க என்ன பண்ணாலும் உங்க ப்ரஷ் எட்டாது, அது எங்க வேலை, ஆனா நாங்க சுத்தம் பண்ணதுக்கப்புறம் திரும்ப அழுக்கு சேராம பாக்குறது உங்க வேலை"ன்னாங்க. இவ்ளோ தெளிவா யாரும் எனக்கு சொன்னதில்ல, இதுக்கே முழு மார்க் குடுக்கலாம்.

அப்புறம் எக்ஸ்ரே. எலும்பு பல்லோட கழுத்துலேர்ந்து ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் கீழ இருந்தா நார்மல், எனக்கு கடைவாய்ல அத விட நல்லா எறங்கியிருந்துச்சு, படத்துல விரல் வெச்சு காட்டினாங்க. இப்பல்லாம் நோய ஸ்டேஜ், கிரேட்னு ரெண்டு விதமா பிரிக்குறாங்க, 2017ல அமெரிக்க, ஐரோப்பிய ஈறு மருத்துவ சங்கங்க சேந்து முடிவு பண்ண முறை. ஸ்டேஜ் 1லேர்ந்து 4 வரைக்கும், இதுவரைக்கும் எவ்ளோ சேதம்னு சொல்லுது, கிரேட் ஏ, பி, சி எவ்ளோ வேகமா போகுதுன்னு சொல்லுது. சிகரெட் பிடிக்குறவங்க, சுகர் கட்டுப்பாட்டுல இல்லாதவங்களுக்கு கிரேட் ஏறிடும், ஒரு நாளைக்கு 10 சிகரெட்டோ அதுக்கு மேலயோன்னா நேரா சி தான், சுகர் இருக்குறவங்களுக்கு ஹெச்பிஏ1சி (மூணு மாச சராசரி சுகர் அளவு) 7ஓ அதுக்கு மேலயோ இருந்தாலும் அதே. எனக்கு ஸ்டேஜ் 3, கிரேட் பின்னு எழுதினாங்க. வேற என்ன மாத்திரை சாப்பிடுறேன்னும் விசாரிச்சாங்க, பிரஷருக்கு குடுக்குற அம்லோடிபின், நிஃபெடிபின், வலிப்புக்கு குடுக்குற ஃபெனிடாய்ன் மாதிரி சில மருந்துல ஈறு சதை தடிச்சு வளருமாம், அது தெரியாம ஈற மட்டும் பாத்துட்டு இருந்தா பிரயோஜனம் இல்ல. நீங்க அந்த மாதிரி மாத்திரை எடுக்குறீங்கன்னா பல் டாக்டர்ட்ட கண்டிப்பா சொல்லுங்க, நீங்களா நிறுத்திடாதீங்க.

டீப் க்ளீனிங் அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னா, வாய்ல ஒரு பக்கம் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டாங்க, இன்னொரு பக்கம் வேற நாள். ஒரே மூச்சுல மொத்த வாயும் முடிச்சாலும் பிரிச்சு பண்ணாலும் பலன்ல பெருசா வித்தியாசம் இல்லன்னு டாக்டர் சொன்னாங்க, நமக்கு எது தோதோ அப்படி கேட்டுக்கலாம். மொதல்ல அல்ட்ராசோனிக் ஸ்கேலர், செகண்டுக்கு 25 ஆயிரம் தடவைக்கு மேல அதிர்ற ஒரு முனை, சூடாகாம இருக்க தண்ணி பீச்சிட்டே இருக்கும், கீச்சுன்னு ஒரு சத்தம், அந்த சத்தம் தான் எனக்கு பெரிய தொந்தரவு. அதுக்கப்புறம் கையால சுரண்டுற கருவி, க்யூரெட். கிரேசி க்யூரெட்னு ஒரு செட், ஒவ்வொண்ணும் ஒவ்வொரு பல்லோட ஒவ்வொரு பக்கத்துக்குன்னே வளைச்சு வெச்சிருக்காங்க, கடைவாய்ப்பல்லோட முன்பக்கத்துக்கு 11-12, பின்பக்கத்துக்கு 13-14. உள்ள விட்டு வேர் மேல இழுக்குறப்ப மொதல்ல சொரசொரன்னு மணல் தட்டுற மாதிரி ஒரு சத்தம் தாடை எலும்பு வழியா கேக்கும், இழுக்க இழுக்க அது வழுக்கிட்டு போற சத்தமா மாறும், வேர் வழவழன்னு ஆனதுக்கப்புறம் தான் அடுத்த பல்லுக்கு போனாங்க. ஈறுக்கு கீழ இருக்குற காரை மேல இருக்குறது மாதிரி மஞ்சளா இருக்காது, கருப்பா கெட்டியா இருக்கும், ட்ரேல ஒரு துணுக்க வெச்சு காட்டினாங்க, அவ்ளோ சின்னது, ஆனா நகத்தால அழுத்தினா நொறுங்கவே இல்ல. மரத்து இருந்ததால வலி இல்ல, அழுத்தம் மட்டும் தெரிஞ்சுது. ஊசி போடாம இவ்ளோ ஆழம் பண்றேன்னு யாராச்சும் சொன்னா எனக்கு நம்பிக்கை வராது, வலிக்குமேன்னு பயந்து பயந்து பண்ணா அடி வரைக்கும் எப்படி போவாங்க.

அதுக்கப்புறம் வந்த விஷயங்கள நேரடியா சொல்லிடுறேன், ஏன்னா இதுல தான் நெறைய பேரு பயந்து பாதில விட்டுடுறாங்க. மரப்பு விட்டதும் ரெண்டு நாள் போல ஈறு புண்ணு மாதிரி இருந்துச்சு, சாதா வலி மாத்திரைல அடங்கிடுச்சு. பல் கூச்சம் வரும், காரை மூடி வெச்சிருந்த வேர் இப்ப வெளிய தெரியுதுல்ல, சில்லுன்னு எது பட்டாலும் சுளீர்னு இருக்கும், வாரக்கணக்குல இருந்து மெல்ல மெல்ல குறையும், கூச்சத்துக்குன்னு இருக்குற பேஸ்ட் உதவுச்சு. அப்புறம் வீக்கம் வத்தினதும் பல்லு கொஞ்சம் நீளமா தெரியும், பல்லுக்கு நடுவுல ஈறு பக்கம் முக்கோணமா கருப்பு இடைவெளி விழும். இது எனக்கு முன்பக்கம் ஒரு எடத்துல நல்லா தெரியுது. டாக்டர் இத ஆரம்பத்துலயே சொல்லிருக்கலாம், முடிஞ்சதுக்கப்புறம் நான் கேட்டப்ப தான் சொன்னாங்க, இதுக்கு ஒரு மார்க் குறைச்சுக்குறேன். அந்த இடைவெளி க்ளீனிங்னால வந்தது இல்ல, எலும்பு போனப்பவே வந்தாச்சு, வீங்கின ஈறும் காரையும் அத மறைச்சு வெச்சிருந்துச்சு. "ஸ்கேலிங் பண்ணா பல்லு ஆடும், இடைவெளி விழும்"னு காலங்காலமா சொல்றதுக்கு பின்னாடி இருக்குறதும் இதே தான், காரை முட்டு குடுத்துட்டு இருந்த பல்லு, அது போனதும் உண்மையான நிலைமை தெரியுது. வீக்கம் கொறைஞ்சதும் லேசா ஆடுற பல்லு கொஞ்சம் இறுகுறது கூட உண்டு, எனக்கு ஒரு பல்லு அப்படி இறுகிச்சு.

இனிமே வீட்டு சாமான். இதுல எனக்கு ரொம்ப பிடிச்சது, அடிச்சு சொல்லுவேன், பல் இடுக்கு ப்ரஷ் தான், இன்டர்டென்டல் ப்ரஷ்னு கேட்டா குடுப்பாங்க. ஈறு நோய் பெரும்பாலும் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவுல தான் ஆரம்பிக்குது, சாதா ப்ரஷ் அங்க போகவே போகாது, எவ்ளோ அழுத்தி தேய்ச்சாலும் சரி. இது ஒரு மெல்லிசு கம்பில சுத்தி நாரு வெச்ச குட்டி ப்ரஷ், இடுக்குல விட்டு முன்னாடி பின்னாடி சில தடவ இழுத்தா போதும். ஆனா சைஸ் தான் எல்லாமே. டெப்பே கம்பெனி கலர் வெச்சு பிரிச்சிருக்கு, பிங்க் 0.4, ஆரஞ்சு 0.45, சிவப்பு 0.5, நீலம் 0.6, மஞ்சள் 0.7, பச்சை 0.8ன்னு கம்பி பருமன் ஏறிட்டே போகும், வேற கம்பெனில கலர் வேற மாதிரி இருக்கும், அதனால கலர பாக்காம நம்பர பாத்து வாங்குங்க. நாரு பல்லோட ரெண்டு பக்கமும் உரசிட்டு கொஞ்சம் டைட்டா போகணும், கம்பி பல்லுல இடிக்க கூடாது, முக்கி முக்கி தள்ள கூடாது. லூசா சும்மா போயிட்டு வந்துச்சுன்னா அங்க ஒண்ணும் சுத்தம் ஆகல. ஒரே வாய்க்கு ரெண்டு மூணு சைஸ் வேண்டியிருக்கும், எனக்கு முன்பக்கம் ஆரஞ்சு, கடைவாய்க்கு நீலம்னு ஆரம்பிச்சுது, வீக்கம் வத்தினதும் நீலம் லூசாயி பச்சைக்கு மாறிட்டேன். சைஸ க்ளினிக்ல உக்காந்து ஒவ்வொரு இடுக்குலயும் விட்டு பாத்து எழுதி குடுத்தாங்க, கையில கண்ணாடி குடுத்து என்னையே பண்ண சொன்னாங்க, நான் பண்றத பாத்து திருத்தினாங்க. இதுக்கு இவ்ளோ நேரம் ஒதுக்குற எடம் கெடைச்சா விட்டுடாதீங்க.

மொத சில நாள் இடுக்கு ப்ரஷ் விட்டா ரத்தம் வரும், ப்ரஷ்ஷே சிவப்பாயிடும். இத பாத்துட்டு "ஐயோ கிழிச்சுட்டேன் போல"ன்னு அந்த எடத்த விட்டுடுறவங்க தான் அதிகம். ரத்தம் வர்றது அங்க அழுக்கு தங்கியிருக்குன்னு காட்டுது, அங்க தான் தினமும் போகணும், போகப்போக ஒரு வாரம் பத்து நாள்ல தானா குறையும், எனக்கு கண்ணு முன்னாடியே குறைஞ்சுது. அதுக்கப்புறமும் ஒரே எடத்துல விடாம வந்துச்சுன்னா உள்ள காரை மிச்சம் இருக்கும்னு அர்த்தம், காமிச்சுடுங்க. இடுக்கு ரொம்ப டைட்டா இருக்குறவங்களுக்கு இந்த ப்ரஷ் போகாது, அவங்களுக்கு ஃப்ளாஸ் நூல் தான், எலும்பு எறங்கி இடைவெளி வந்தவங்களுக்கு ப்ரஷ். கடைசி கடைவாய்ப்பல்லு பின்னாடி மட்டும் இது தோதா இல்ல, அங்க ஒத்தை கொத்து ப்ரஷ்னு குட்டியா ஒண்ணு குடுத்தாங்க, அது நல்லா எட்டுது.

சாதா ப்ரஷ்ஷ ஈறு பக்கம் 45 டிகிரி சாய்ச்சு புடிச்சு, நாரு நுனி ஈறு ஓரத்துல லேசா எறங்குற மாதிரி வெச்சு, சின்னதா அசைக்கணும், பாஸ் முறைன்னு சொல்றாங்க. மேலயும் கீழயும் வேகமா தேய்க்குறதுல ஈறு தேயுறது தான் மிச்சம். எலக்ட்ரிக் ப்ரஷ் பத்தி நெறைய பேரு கேக்குறாங்க, நெறைய ஆராய்ச்சிங்கள சேத்து அலசுற காக்ரேன் ஆய்வு 2014ல மூணு மாசத்துக்கு மேல யூஸ் பண்ணா சாதா ப்ரஷ்ஷ விட படலம் 21 சதவீதமும் ஈறு வீக்கம் 11 சதவீதமும் குறைவுன்னு வந்துச்சு. நல்ல பொருள் தான், குறிப்பா அழுத்தினா லைட் எரியுற மாடல் அழுத்தி தேய்க்குறவங்களுக்கு ரொம்ப உதவும், ஆனா இடுக்கு ப்ரஷ் வாங்காம இத மட்டும் வாங்குறதுல அர்த்தம் இல்ல.

மவுத்வாஷ்ல டாக்டர் எழுதி குடுத்தது க்ளோர்ஹெக்சிடின் 0.2 சதவீதம். வேலை செய்யுது, சந்தேகமே இல்ல, ஈறு புண்ணா இருந்து ப்ரஷ் வைக்க முடியாத அந்த நாள்கள்ல நல்லா கை குடுத்துச்சு. குறைன்னு பாத்தா பல்லுலயும் நாக்குலயும் பழுப்பு கறை படியும், நாக்குல ருசி மாறி போகும், விட்டதும் ருசி திரும்பிடும், கறைய பாலிஷ் பண்ணி எடுக்கணும். பேஸ்ட் போட்டு வெளக்கினதும் உடனே கொப்பளிச்சா பேஸ்ட்ல இருக்குற நுரை வர்ற சமாச்சாரம் அதோட பவர குறைச்சுடும், அரை மணி நேரம் இடைவெளி விடுங்க. ரெண்டு வாரத்துலேர்ந்து நாலு வாரம், அதோட நிறுத்திடணும், மாசக்கணக்குல ஊத்திட்டு இருக்குற மருந்து இல்ல. எந்த மவுத்வாஷா இருந்தாலும் 6 மில்லிமீட்டர் பாக்கெட்டுக்குள்ள அது போகாது, பாட்டில்ல "ஈறு பாதுகாப்பு"ன்னு எவ்ளோ பெருசா எழுதியிருந்தாலும் சரி. பேஸ்ட்டுக்கும் இதே கதை தான், ஸ்டேனஸ் ஃப்ளோரைடு இருக்குற பேஸ்ட் ஈறு வீக்கத்துக்கு ஓரளவு உதவும், பாக்கெட்டுக்கு இல்ல.

வாட்டர் ஃப்ளாசர், சுமார். ரத்தம் வர்றது குறையுது, பிரிட்ஜ், இம்ப்ளான்ட், க்ளிப்பு போட்டவங்களுக்கு உண்மையிலயே நல்ல சாமான், விரல் சரியா வராத வயசானவங்களுக்கும் தான். ஆனா ஒட்டிக்கிட்டு இருக்குற படலத்த தண்ணி முழுசா பேத்து எடுக்காது, உரசி தான் எடுக்கணும். இருக்குறவங்க வெச்சுக்கோங்க, இடுக்கு ப்ரஷ்ஷுக்கு பதிலான்னு கேட்டா இல்ல.

இப்ப முக்கியமான எடம். மூணு மாசம் போல கழிச்சு திரும்ப வர சொல்லி அதே ப்ரோப்ல அதே எடங்கள எல்லாம் திரும்ப அளந்தாங்க. அதுக்கு முன்னாடி அளந்தா ஈறு இன்னும் ஆறிட்டு இருக்கும், நம்பர நம்ப முடியாதாம். பழைய ஷீட்டையும் புது ஷீட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு காட்டினாங்க. 4, 5 இருந்த எடங்கள்ல பெரும்பாலானது 3க்கு வந்துடுச்சு. கீழ் வலது கடைவாய்ப்பல்லு 6 இருந்தது 4, ரத்தம் வரல, 4 இருந்து ரத்தம் வரலன்னா அது அடங்கின பாக்கெட்னு கணக்கு. மேல் இடது கடைவாய்ப்பல்லுல 7 இருந்த எடம் 6ல நிக்குது, தொட்டா ரத்தமும் வருது. மேல் கடைவாய்க்கு மூணு வேர், அது பிரியுற சந்துக்குள்ள க்யூரெட் சரியா போகாது, அதனால அந்த பல்லுங்க தான் கடைசி வரைக்கும் மக்கர் பண்ணும்னு வெளக்கினாங்க. ஆழம் குறையுறது ரெண்டு விதமா நடக்குது, வீக்கம் வத்தி ஈறு சுருங்குறது பாதி, சுத்தமான வேர் மேல ஈறு திரும்ப இறுக்கமா ஒட்டிக்குறது பாதி. எலும்பு வளந்துடுச்சுன்னு யாரும் எனக்கு சொல்லல, சொல்லாததே நல்லது, அது தான் உண்மை.

இந்த அளவுக்கு பலன் வந்ததுக்கு ஆன்டிபயாட்டிக் மாத்திரை எதுவும் குடுக்கலங்குறத குறிப்பா சொல்லணும். கிருமிங்க படலமா கட்டிக்கிட்டு இருக்குறப்ப மருந்து உள்ள எறங்காது, அத சுரண்டி கலைக்குறது தான் வைத்தியம், மாத்திரை சில பேருக்கு, வேகமா போற நோய்க்கு மட்டும், அதுவும் க்ளீனிங்கோட சேத்து. ஈறுல ரத்தம்னு போனா வெறும் மாத்திரை எழுதி குடுத்து அனுப்புறாங்கன்னா வேற எடம் பாருங்க. லேசர் பத்தியும் கேட்டேன், "நல்லா சுரண்டி எடுத்ததுக்கு மேல அது பெருசா கூட்டி குடுக்கும்னு உறுதியா சொல்ல முடியாதுங்க"ன்னு நேர்மையா சொன்னாங்க.

சிகரெட் பிடிக்குறவங்க ஒண்ணு தெரிஞ்சுக்கணும், நிகோடின் ரத்தக்குழாய சுருக்கிடும், அதனால ஈறுல ரத்தம் வர்றது குறைஞ்சுடும், ஈறு பாக்க வெளிறி கெட்டியா நல்லா இருக்குற மாதிரி தெரியும், உள்ள எலும்பு மத்தவங்கள விட வேகமா போயிட்டு இருக்கும். ரத்தம் வரலன்னு நம்பி இருக்காதீங்க, அளந்து பாருங்க. க்ளீனிங் பண்ணாலும் பிடிக்குறவங்களுக்கு ஆறுறது கம்மி தான். சுகர் இருக்குறவங்களுக்கு ரெண்டு பக்கமும் வேலை செய்யுது, சுகர் ஏறினா ஈறு கெடும், ஈறு கெட்டா சுகர் கட்டுப்படாது. 2022ல வந்த காக்ரேன் ஆய்வுல ஈறு நோய்க்கு வைத்தியம் பாத்தவங்களுக்கு மூணு நாலு மாசத்துல ஹெச்பிஏ1சி சராசரியா 0.43 குறைஞ்சிருக்கு, கூடுதலா ஒரு சுகர் மாத்திரை சேத்தா என்ன குறையுமோ கிட்டத்தட்ட அவ்ளோ. வீட்ல சுகர் இருக்குற அப்பா அம்மா இருந்தா கண்ணு, பாதம் செக் பண்ண கூட்டிட்டு போறப்ப இதையும் சேத்துக்கோங்க, ப்ளீஸ். கர்ப்பமா இருக்குறவங்களுக்கும் ஹார்மோனால ஈறு சீக்கிரம் வீங்கும், அப்ப க்ளீனிங் பண்ணிக்கலாம், பாதுகாப்பானது தான், டாக்டர்ட்ட எத்தனாவது மாசம்னு மட்டும் சொல்லிடுங்க.

மார்க்னு போட்டா, அளக்குறது, புரியுற மாதிரி சொல்றது, இடுக்கு ப்ரஷ் கத்து குடுக்குறது மூணுக்கும் முழுசா குடுப்பேன், கருப்பு இடைவெளி பத்தி முன்னாடியே சொல்லாததுக்கு கொஞ்சம் கழிப்பேன், வெயிட்டிங் நேரம் அதிகம், அதுக்கும் கொஞ்சம். ஒரு தடவ பண்ணா முடிஞ்சுதுன்னு நினைக்குறவங்களுக்கு, முடியாது, மூணு மாசத்துலேர்ந்து ஆறு மாசத்துக்கு ஒரு தடவ போயிட்டே இருக்கணும், நோய் நல்லா அடங்கினவங்களுக்கு கொஞ்சம் தள்ளி போடலாம். ஸ்வீடன்ல ஆக்ஸெல்சன், லிண்டேங்குறவங்களோட டீம் இப்படி விடாம வந்தவங்கள 30 வருஷம் பாத்து 2004ல எழுதினாங்க, அத்தனை வருஷத்துல ஒருத்தருக்கு சராசரியா ரெண்டு பல்லு கூட போகல, போனதும் பெரும்பாலும் ஈறு நோயால இல்ல.

எனக்கு மிச்சம் இருக்குற அந்த மேல் இடது கடைவாய்ப்பல்லுக்கு இன்னொரு தடவ உள்ள சுத்தம் பண்ணியிருக்காங்க. அடுத்த அளவுலயும் 6லயே நின்னு ரத்தம் வந்துச்சுன்னா ஃப்ளாப் சர்ஜரி, ஈற லேசா தொறந்து வேர கண்ணால பாத்து சுத்தம் பண்ணி தையல் போடுறது. எலும்பு குழி மாதிரி செங்குத்தா எறங்கியிருந்தா அங்க கிராஃப்ட், அதாவது எலும்புக்கு பதிலா நிரப்புற பொருள் வெச்சு கொஞ்சம் எலும்ப மீட்கவும் வாய்ப்பு இருக்காம், ஒரே மட்டமா தேஞ்சிருந்தா அந்த வாய்ப்பு கம்மி, எனக்கு எது மாதிரின்னு தொறந்து பாத்தா தான் சரியா சொல்ல முடியும்னாங்க. அந்த நம்பர் வந்ததும் இதே ரிவ்யூல சேக்குறேன். இதுக்கு நடுவுல யாராச்சும் ஃப்ளாப் சர்ஜரி பண்ணியிருந்தீங்கன்னா முன்னாடி எவ்ளோ, பின்னாடி எவ்ளோன்னு மில்லிமீட்டரோட சொல்லுங்க, எனக்கு முடிவெடுக்க ரொம்ப உதவியா இருக்கும்.